எங்கள் ஊருக்கு வராத கடைசி ரீல்

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிள்ளைகள் செல்போனில் பள்ளிக்கூடக் காதல் படம் எதையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் நம்மால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "இதெல்லாம் ஒரு படமா, எங்க காலத்துல வந்ததே..." என்று ஆரம்பித்துவிடுவோம். அவர்களும் விடமாட்டார்கள், "அப்படி என்ன படம், காட்டுங்க பார்ப்போம்" என்பார்கள். நானும் அப்படித்தான் போன காலாண்டு லீவில் மாட்டிக்கொண்டேன். நீங்களும் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாவது. எனக்குப் பிள்ளைகள் தாமதமாகப் பிறந்தவர்கள். அவர்களோடு படிக்கிறவர்களின் அம்மாக்களெல்லாம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. நானும் பிள்ளைகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அம்மாவோடு, நான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இருக்கிறோம்.

"உங்க காலத்துலல்லாம் டீனேஜ் படமே கிடையாதாமே, சாமி படமும் சண்டைப் படமும்தானாமே" என்றான் மகன்.

அந்த 'கிடையாதாமே'தான் என்னைச் சுட்டது. எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு படம் வந்தது. பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனும் பெண்ணும், ஒரு மலையூர், சைக்கிள், மழை, ஏழெட்டுப் பாட்டு. நம் வயசுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் முதல் பாட்டை முணுமுணுப்பார்கள். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இல்லை, 'அந்தப் படம்' என்றால் போதும், அம்மாவுக்கு முகம் இருண்டுவிடும். ரேடியோவில் அதன் பாட்டு வந்தால் எழுந்துபோய் நிறுத்துவாள். டிவி வந்த பிறகும் அப்படித்தான். அந்தப் படத்தைச் சின்ன வயசில் ஒரே ஒரு தடவை பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் நான் பார்த்ததே இல்லை. அதற்குக் காரணம் என் மதினி.

மதினி என்றால் தாய்மாமன் மகள். மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன், ராஜபாளையத்தில் நூல் மில்லில் சூப்பர்வைசர். மில்லிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா முந்தானையால் தட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பாள். கண்டிப்பான மனுஷன். சினிமா என்றாலே ஆகாது. சினிமா போஸ்டர் ஒட்டிய சுவரோரமாகக்கூட நடக்கமாட்டார் என்று அம்மாவே அவரைக் கேலி செய்வாள்.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு மதினி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு அவளைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வந்த புதுசு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் படுத்தால் பவுடரும் டைப் மெஷின் ரிப்பனின் மை வாசனையும் கலந்து வரும். எனக்கு ரெட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டி, நுனியில் அவள் ரிப்பனையே முடிந்துவிடுவாள். அந்த ரிப்பன் நீல நிறம், ஓரத்தில் வெள்ளிச் சரிகை. எப்போது தொலைந்தது என்றே தெரியவில்லை.

ஆடி மாதம் எங்கள் பக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்குகிற காற்று கதவை அடிக்கும், கொடித் துணியைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோகும். நடுநடுவே வெயிலிலேயே சாரல் தூறும். திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் வீடு நிறைய. நாங்கள் படம் பார்த்த அன்றைக்கு ராத்திரி, ஐந்து பெருமாள்கள் கருட வாகனத்தில் வரும் ஐந்து கருட சேவை. வத்திராயிருப்புப் பக்கமிருந்தும் சேத்தூர்ப் பக்கமிருந்தும் காலையிலிருந்தே ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் லீவு. அம்மா கூடத்தில் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மதினி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தை, மத்தியான ஆட்டத்துக்கு நானும் இவளும் போயிட்டு வரட்டுமா? பாட்டு நல்லாருக்காம்" என்று கேட்டாள்.

அம்மா மாவுக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பனுக்குத் தெரிஞ்சா என்னையல்லவா தின்னுருவாரு" என்றாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வெள்ளனா வந்துருங்க. புள்ளைய கூட்டத்துல விட்ராத" என்றாள்.

அவ்வளவுதான். அம்மா செய்தது அது ஒன்றுதான்.

எங்கள் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தகரக்கூரை. பெண்கள் பக்கம் மணல் தரை, நடுவில் இடுப்பளவுச் சுவர். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். ஆடிக்காற்றுக்குத் தகரம் படபடவென்று அடிக்கும், பாதி வசனம் காதில் விழாது. இதெல்லாம் உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். எங்கள் ஊரின் விசேஷம் வேறு. புதுப் படம் வந்தால் ராஜபாளையத்துக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான். ராஜபாளையத்தில் ஆட்டம் முதலில் ஆரம்பிக்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை ஒருவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்குப் பறந்து வருவார். அவர் வர வர இங்கே ஓடும். வழியில் மாட்டுவண்டி குறுக்கே வந்தாலும் ரயில்வே கேட் அடைத்தாலும் எங்களுக்கு இடைவேளை. சில படங்களுக்கு மூன்று இடைவேளைகூட விட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஜவுளிக்கடை சிலைடையும் பல்பொடி சிலைடையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். நாங்களும் அதுவே முறை என்று நினைத்துக் கடலைமிட்டாய் வாங்கப் போவோம்.

மதினி வாசலிலேயே பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினாள். ரோஸ் நிறக் காகிதம், தொட்டால் விரலில் சாயம் ஒட்டும். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டு, பாதியில் நிறுத்தி, இருவரும் ஒன்று சேர்ந்தார்களா, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்களே, அந்த மாதிரி. படம் ஓடும்போது அந்த வெளிச்சத்திலேயே புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மதினி கூடவே பாடினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

படத்தில் பெண் வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடி, பூட்டு, அழுகை. பெண் ஜன்னல் வழியாகத் தப்பித்து ஸ்டேஷனுக்கு ஓடிவருகிறாள். பையன் ஓடுகிற ரயிலிலிருந்து கையை நீட்டுகிறான். அவள் பிடித்துவிட்டாள், ஏறிவிட்டாள். ரயில் ஒரு பாலத்தைத் தாண்டிப் போகிறது. திரை வெள்ளையானது. செத்த நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு கைகள் கூப்பிய சிலைடு வந்தது: வணக்கம். ஜனம் கைதட்டி விசிலடித்தது. கருட சேவைக்கு இடம் பிடிக்கவேண்டுமே, எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

மதினி மட்டும் எழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர்கள் சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குக் கதை முழுவதையும் சொன்னேன். பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டவள், "கடைசியில சேர்ந்துட்டாங்கல்ல? பாவம், நல்லாருக்கட்டும்" என்றாள். பள்ளிக்கூடத்திலும் ஒரு வாரம் அந்தக் கதைதான். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி மட்டும், அவர்கள் இரண்டு பேரும் கடைசியில் செத்துப்போவார்கள் என்றாள். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவளை ஒரு வழி பண்ணிவிட்டோம். ராஜபாளையத்துக்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றாலே வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினோம்.

திருவிழா முடிந்து மதினி ஊருக்குப் போனாள். ஆடி முடிவதற்குள் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவரோடு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், வேறு ஆட்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை மாமா வந்தார். அன்றைக்கு அவர் புருவத்தில் பஞ்சு இல்லை. வீட்டுக்குள் ஏறவில்லை, தெருவிலேயே நின்றார். அவர் கையில் அந்த ரோஸ் காகிதப் பாட்டுப் புத்தகம் இருந்தது. மதினியின் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்.

"இது உங்க ஊர்க் கொட்டகையில வாங்குனதுதான?"

"ஆமாண்ணே."

"நீதான அனுப்புனே?"

"ஆமாண்ணே, புள்ளைக ஆசையாக் கேட்டுச்சுகன்னு..."

"ஆசையாக் கேட்டுச்சா? இங்க வந்து இந்தக் கண்றாவியப் பார்த்துட்டுத்தான அவளுக்குப் புத்தி கெட்டுச்சு? எம்மகளைக் கெடுத்தது நீதான். இனி உனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாது."

புத்தகத்தை அம்மா காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைக் குனிந்து எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். அது எரிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனபோது, "நீ போய்ப் படி" என்றாள், அதட்டாமல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூன்று வருஷத்துக்குள் மதினி கோயம்புத்தூரில் இருப்பது தெரிந்தது, ஆண்பிள்ளையும் பிறந்தது. மாமா கோயம்புத்தூர் போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டார். காதுகுத்து வைத்தார். தெலுங்கு பேசுகிற மாப்பிள்ளையைத் தங்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னார். ஓடிப்போன மகளை மன்னித்தார், கூட்டிப்போனவரை மன்னித்தார், படத்துக்கு அனுப்பிய தங்கச்சியை மட்டும் மன்னிக்கவில்லை. அந்தக் காதுகுத்துக்கு எங்களுக்குச் சொல்லிவிடவே இல்லை. என் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்தபோது, ஒன்றுவிட்ட மாமா ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அம்மா அப்போது அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

மதினியோடு எங்களுக்குப் பேச்சு உண்டு. எனக்கு அடிக்கடி போன் செய்வாள், அம்மாவை விசாரிப்பாள். ஆனால் சண்டைக்குக் காரணம் என்ன என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "வாழுற புள்ள. அவ காதுல இது விழக் கூடாது" என்று அம்மா என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

அதனால்தான் பிள்ளைகளுக்குப் படம் காட்ட, அம்மா கோயிலுக்குப் போகும் சாயங்காலமாகப் பார்த்தேன். டிவியில் இன்டர்நெட்டைப் போட்டு மகன் அதைத் தேடி எடுத்துவிட்டான். ஏதோ என்னையே நாலு பேர் முன்னால் நிறுத்தப் போவது மாதிரி இருந்தது எனக்கு.

முதல் காட்சியிலேயே மகன் ஆரம்பித்தான். "அம்மா, இவர் பிளஸ் டூவா? எங்க பி.டி. சாரைவிட வயசானவரா இருக்காரு."

"அப்பல்லாம் மீசை வெள்ளனா வளரும்லே" என்றேன்.

மகள் முதலில் கவனமாகத்தான் பார்த்தாள். கதாநாயகன் சைக்கிளில் அந்தப் பெண்ணின் பின்னாலேயே மூன்றாவது தெருவுக்கு வந்தபோது, "ஏம்மா, இவன் பின்னாடியே வர்றான், அவ வேணாம்னு சொல்லியாச்சு. இதைப் போய் லவ்வுன்னு சொல்லிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒருத்தன் வந்தால் இவள் பாட்டுப் புத்தகம் வாங்கமாட்டாள். அவனைத் திரும்பிப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பாட்டுகளை மட்டும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மகன் ஒரு பாட்டைத் திரும்பப் போட்டுக்கூடக் கேட்டான்.

ரயில் காட்சி வந்தது. அவள் ஓடி வந்தாள், அவன் கை நீட்டினான், ஏறிவிட்டாள். பாலம். நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அம்புட்டுத்தான். வணக்கம். எந்திரிங்க, மூஞ்சி கழுவுங்க."

"எங்க முடிஞ்சது? கீழ கோடு இன்னும் இம்புட்டு மிச்சம் இருக்கு பாருங்க" என்றான் மகன்.

திரையின் அடியில் சிவப்புக் கோடு பாதி வழியில்தான் நின்றது என்று சொல்லமுடியாது, ஆனாலும் நிறையவே பாக்கி இருந்தது. ரயில் பாலத்தைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் நின்றது. அங்கே பெண்ணின் அப்பாவும் ஆட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி ஒரு ஸ்டேஷனே நான் பார்த்த படத்தில் இல்லை. இருவரும் இறங்கி ஓடினார்கள், ஊர் துரத்தியது, மலை, பாறை, கீழே ஆறு. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள். சோகமாக அதே முதல் பாட்டு. தண்ணீரில் அவளுடைய தாவணி மட்டும் மிதந்து போனது. படம் முடிந்தது.

அன்றைக்குத் திருவிழாக் கூட்டத்தில் அந்த மோட்டார் சைக்கிள்காரர் ஊருக்குள் வரமுடியாமல் எங்கேயோ மாட்டியிருக்கிறார். கொட்டகைக்காரர் எத்தனை நேரம்தான் காத்திருப்பார், வணக்கம் போட்டு அனுப்பிவிட்டார். இத்தனை வருஷம் கழித்து, என் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எனக்கு அது விளங்கியது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அழவைத்த அந்த ராஜபாளையத்துக்காரியை நினைத்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"இது நம்ம ஊர்ல வரலையேட்டி" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

அம்மா. சன்னதியில் திரை போட்டிருந்தார்கள் என்று சீக்கிரமே திரும்பியிருக்கிறாள். கையில் துளசியோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் செத்துல்ல போறாங்க. சேர்ந்துட்டாங்கன்னு சொன்னியே."

"நாங்க பார்த்தது அம்புட்டுத்தாம்மா. கடைசி ரீலு வரல போலருக்கு."

அம்மா கையிலிருந்த துளசியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இதைப் பார்த்திருந்தா அந்தப் புள்ள பயந்திருக்கும். போயிருக்காது. முடிவே இல்லாத படத்துக்குல்ல நான் அனுப்பி வச்சிருக்கேன். அண்ணன் சொன்னது சரிதான்."

"அம்மாச்சி, கோயம்புத்தூர் அத்தை நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் என்ன?" என்றாள் மகள்.

"அவ நல்லாத்தான் இருக்கா தாயி. எங்க அண்ணந்தான் எனக்கு இல்லாமப் போச்சு."

எண்பதை நெருங்குகிற அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லை, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு இந்தப் படத்தைத் தோண்டி எடுத்தோம் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு சத்தியமும் வேண்டாம் என்று போனை எடுத்து மதினிக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்: பாட்டுப் புத்தகம், தெருவில் நின்ற மாமா, அவர் சொன்ன சொல், இப்போது பார்த்த முடிவு.

அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு, "இதுக்கா பேசாம இருக்காரு?" என்று கேட்டாள் மதினி. "தாத்தா நிலத்துல ஏதோ தகராறுன்னுல்ல எங்கப்பா எங்கிட்டச் சொல்லி வச்சிருக்காரு!"

"நிலமா? அவியளுக்கும் எனக்கும் நிலத் தகராறே கிடையாதே" என்றாள் அம்மா.

"அத்தை, நல்லாக் கேளுங்க. அந்தப் படத்தை உங்க ஊர்ல பார்க்குறதுக்கு முன்னாடியே நான் ராஜபாளையத்துல முழுசாப் பார்த்துட்டேன். கூட்டிட்டுப் போனதே எங்கப்பாதான்."

"யாரு, அண்ணனா? சினிமாவுக்கா?"

"ஆமா. அவருக்கு என்மேல ஏதோ சந்தேகம் வந்துருச்சு. மில்லுல யாரோ சொல்லியிருக்காங்க, இந்தப் படத்துல ஓடிப்போனவங்க கடைசியில செத்துப்போவாங்க, பொம்பளப் புள்ளைகளுக்குக் காட்டவேண்டிய படம்னு. பொறவு என்ன, அவரே டிக்கெட் எடுத்து, பக்கத்துல உக்கார வச்சு, 'பார்த்தியா, பார்த்தியா'ன்னு ஒவ்வொரு சீனுக்கும் இடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஒரு பாட்டைக்கூட ஒழுங்காக் கேக்க விடல. அதுக்குத்தான் உங்க ஊர்ல மறுபடி பார்க்கணும்னு கேட்டேன். உங்க ஊர்ல வணக்கம் போட்டான் பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு. எங்கப்பா எதுக்காகக் காசு குடுத்துக் காட்டுனாரோ அது மட்டும் வரல!"

"அப்ப உனக்கு முடிவு தெரியும்" என்றேன் நான்.

"தெரியாமயா? அந்தப் புள்ளைக செத்தது ஓடுனதுனால இல்லட்டி. கையில ஒரு வேலையில்லாம ஓடுனதுனால. போயி எங்க தங்குவோம்னுகூட யோசிக்கல, கூறுகெட்டதுக. நான் ஹையர் பாஸ் பண்ணி, இங்க கம்பெனியில வேலைக்கு ஆர்டர் வாங்கி, தங்குறதுக்கு வீடு பேசி வச்சுட்டுல்ல கிளம்புனேன். எல்லாம் ஆடிக்கு முன்னாலயே முடிவு பண்ணியாச்சு. ரயில்லயும் போகல. ரயில்ல போனா அடுத்த ஸ்டேஷன்ல நிப்பாங்கன்னு அந்தப் படத்துலதான பார்த்தேன். பஸ்ஸு மாத்தி மாத்திப் போனோம்."

மகள் கைதட்டிவிட்டாள். மகன், "அத்தை செம" என்றான். பின்னால் மதினி வீட்டுக்காரர் ஏதோ கேட்க, அவள் தெலுங்கில் அவரை அதட்டுவது கேட்டது.

அம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப நான் இல்லையா?"

"என்னது அத்தை?"

"நீ போனதுக்குக் காரணம் நான் இல்லையா?"

மதினியின் குரல் மாறிவிட்டது. "நீங்க இல்ல அத்தை. சத்தியமா நீங்க இல்ல. எந்தப் படமும் இல்ல. அன்னைக்கு உங்க வீட்டுல நான் சந்தோசமா இருந்தேன், அதுமட்டுந்தான் நீங்க செஞ்சது. ஏன் அத்தை இதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அம்மா "அப்ப நான் இல்ல" என்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். எழுந்து போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது.

"கிளம்பு. ராஜபாளையம் போவோம்" என்றாள்.

"இப்பவா? நாளைக்குக் காலையில போவோம்மா."

"அரைமணி நேரத்துப் பாதை. எம்புட்டு வருசம் போகாம இருந்தாச்சு. நீ வாரியா, நான் மட்டும் போகட்டுமா?"

பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை இருட்டிப் போயிருந்தது. மாமா முகத்தைப் பார்த்ததும் அம்மா என்ன சொல்வாளோ, அவர் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழியில் என் கையைத் தொட்டு, "அவ பஸ்ஸுல போன கதைய அண்ணங்கிட்டச் சொல்லிராத. அவிய காட்டுன படத்துலருந்தே படிச்சுக்கிட்டாளாம். தாங்கமாட்டாரு" என்றாள்.

மாமி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மாமா தனியாகத்தான் இருக்கிறார், காலையில் ஒரு அம்மாள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவார். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நல்ல தளர்ச்சி. புருவம் முழுக்க வெளுத்திருந்தது.

அம்மா உள்ளே நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணே, நீ உம்மகளைக் கூட்டிட்டுப் போன படத்தை இன்னைக்குத்தான் முழுசாப் பார்த்தேன்" என்றாள்.

மாமா கதவைப் பிடித்தபடியே நின்றார். யார் சொன்னது, எது என்றெல்லாம் கேட்கவில்லை. மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்தார். 

"பயந்து ஒழுங்கா இருப்பான்னு நெனச்சேன்" என்றார். "கடைசியில அந்தப் புள்ளைக ஆத்துல விழுந்தப்ப, கொட்டகையில நாந்தான் அழுதேன். அவ பாட்டுக்கு முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"தப்பு எம்மேலன்னு அன்னைக்கே தெரியும் தங்கச்சி. அவமானம் தாங்கல. யார் மேலயாச்சும் தூக்கிப் போடணும்னு இருந்துச்சு. நீன்னா எதுத்துப் பேசமாட்டே, தாங்கிக்கிடுவேன்னு..." தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது?"

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலத்துக்கும் சேர்த்து அவள் என்ன கேட்டாலும் நியாயம்தான். கத்தினால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

"தாங்குனேன்லண்ணே" என்றாள் அம்மா. "மத்தியானத்துலருந்து ஒண்ணும் சாப்பிடல, பசிக்கு. சோறு இருந்தாப் போடு."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தட்டு எடுக்க அடுக்களைக்குப் போனார்.